முதலில் ஆள், பிறகு வேலை

வகீஹுக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது எகிப்தின் சூயஸில், அர்பயீன் பேட்டையில். அப்பா மீன்பிடிப் படகில் போனவர். மகன் பெரிய கப்பல்களுக்குக் கயிறு கட்டப் போனான். கப்பலிலிருந்து இறங்கும் வடத்தைச் சின்னப் படகில் இழுத்துப் போய் மிதவையில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்க எளிது. காற்று திரும்புகிற நேரத்தில் அங்கே போய் நின்றால்தான் தெரியும், எத்தனை பேர் விரலைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று. இருபத்தாறு வருஷமாக வகீஹ் தன் படகுக்கு ரயீஸ், அதாவது தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த நாலு பேரில் ஒருவனுக்கும் ஒரு நகம்கூடக் குறைந்ததில்லை. அந்தப் பெருமையை அவர் வெளியே சொல்ல மாட்டார். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்படி நடந்துகொள்வார்.

அவருடைய ஆங்கிலம் கப்பல் தளத்தில் பித்தளை ஒட்டகம் விற்றுக் கற்றுக்கொண்டது. “மை ஃப்ரெண்ட், குட் பிரைஸ்” என்பதற்கு மேல் போனால் அரபுப் பேச்சு வந்து தோளில் ஏறிக்கொள்ளும். வினைச்சொல் முதலில் குதிக்கும், ஆள் பின்னால் ஓடி வருவான். “கேம் ஷிப்” என்பார். “ரோப் டைட்” என்பார். கையை ஆட்டினால் உலகத்துக் கப்பல் எல்லாம் புரிந்துகொண்டது. யாருக்கு என்ன குறை?

கம்பெனிக்குக் குறை வந்துவிட்டது. இனி ரயீஸ்கள் எல்லாரும் கப்பலோடு வயர்லெஸ்ஸில் முழு வாக்கியமாகப் பேச வேண்டுமாம். பரீட்சை உண்டு. தேறாதவர் கரையில், கிடங்கில் உட்கார்ந்து பழைய கயிறு பிரிக்கலாம். படகை விட்டால் வகீஹ் யார்? மீசை வைத்த ஒரு கிழவர்.

மனைவி இன்ஸாஃப் வணிகப் பள்ளியில் படித்தவள். ஆங்கில வாக்கிய அமைப்புகளை அந்தக் காலத்தில் பிரம்படியோடு மனப்பாடம் செய்தவள். அவளே பாடம் எடுக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்கு. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை ஹனாவை வைத்து அவள் அவரை அபு ஹனா, ஹனாவின் அப்பா, என்பாள்; அவர் அவளை உம் ஹனா என்பார்.

“வந்துச்சுன்னு மொட்டையா ஆரம்பிச்சா யாரு வந்தாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும், அபு ஹனா? முதல்ல ஆளைக் காட்டணும். அப்புறம் என்ன செஞ்சான். அப்புறம் எதை. எங்கே, எப்போங்கறதெல்லாம் கடைசியில.”

“அதுவரைக்கும் பொறுக்க மாட்டானா?”

“மாட்டான். இங்க பாருங்க. வெளிக்கொடியில படுக்கை விரிப்பு. அடுத்த கொடியில உங்க கலாபியா அங்கி. உள்ளாடை சுவரோரம். இதை மாத்திப் போட்டா எதிர்வீட்டு பஹீகா என்ன சொல்லுவா?”

“உங்கம்மா உன்னைச் சரியா வளர்க்கலைன்னு சொல்லுவா.”

“அதேதான். மாத்திப் போட்டாலும் துணி காயும். ஆனா பாக்கிறவ சிரிப்பா. அவங்க பாஷையும் அப்படித்தான்.”

இது வகீஹுக்குப் புரிந்தது. ஆள், வேலை, பொருள், இடம், நேரம் என்று விரல் மடக்கிக்கொண்டே தெருவில் நடந்தார். இன்ஸாஃப் விரிப்பைக் கொடியில் போடுகிறாள், காலையில். வகீஹ் டீ குடிக்கிறார், பால்கனியில். அவரை அழ வைத்தது அந்த ‘இஸ்’தான். டீ சூடு என்றால் சூடுதானே? நடுவில் இது எதற்கு? ஒரு வேலையும் செய்யாமல் சோபா நடுவில் உட்கார்ந்திருக்கும் மைத்துனனைப் போல இருந்தது அவருக்கு. கேள்வி கேட்டால் மட்டும் அந்த மைத்துனன் எழுந்து முன்வரிசைக்குப் போய்விடுகிறான். கட்டளை போடும்போது ஆளே தேவையில்லை, நேராக வேலையில் ஆரம்பிக்கலாம் என்று இன்ஸாஃப் சொன்னபோதுதான், “அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணாவது மனுஷங்க பேசுற மாதிரி இருக்கு” என்றார்.

மூன்று வாரம் கழித்து முதல் பரீட்சை. கம்பெனி அழைத்து வந்திருந்த கிரேக்கக் கப்பல் தலைவர் ஸெர்வாஸ் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நடுவே ஒரு வயர்லெஸ் பெட்டி.

“நான்தான் கப்பல். உன் வடம் மிதவையில சிக்கிடுச்சு. எனக்குச் சொல்லு” என்றார், ஆங்கிலத்தில்.

வகீஹ் பெட்டியை எடுத்தார். காலை வணக்கம் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்றார். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, தாயார் நலமா என்றார். உங்கள் வரவால் சூயஸே ஒளி பெற்றது என்றார். ஒரு வாக்கியத்திலும் ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. மைத்துனன்கூட அவனவன் இடத்தில் ஒழுங்காக இருந்தான். அதன் பிறகு வடத்துக்கு வந்தார்.

ஸெர்வாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணேகால் நிமிஷம். இதுக்குள்ள உன் ஆளுக்குக் கை போயிருக்கும்” என்று சொல்லித் தாளில் கோடு போட்டார். இரண்டு வாரம் கழித்துப் படகிலேயே ஒரு வாய்ப்பு, அதுவே கடைசி.

வீட்டில் இன்ஸாஃப் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“நலம் விசாரிக்காம வடத்தைப் பத்திப் பேசச் சொல்றியா? நாம என்ன மிருகமா?”

“அந்தப் பெட்டியில மட்டும் மிருகமா இருங்களேன், அபு ஹனா. எனக்காக.”

முயன்றார் பாவம். ஆனால் ஐம்பது வருஷத்து வாய், சொன்ன பேச்சைக் கேட்குமா? ரொட்டிக் கடையில் பயிற்சி செய்கிறேன் என்று முகமன் இல்லாமல் நாலு ரொட்டி கேட்டார். உனக்கும் எனக்கும் என்ன சண்டை என்று கடைக்காரர் மனம் உடைந்து போனார். அவரைச் சமாதானப்படுத்த அரைமணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை காலை. படகில் வகீஹ், அவருடைய ஆட்கள், முனையில் ஸெர்வாஸ். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று வடத்தை இறக்கிக்கொண்டிருந்தது. ஸெர்வாஸ் கேள்வி கேட்டார். வகீஹ் வாயைத் திறந்தார். நலம் விசாரிப்பு தொண்டைக்கு வந்தது, விழுங்கினார். அதோடு மற்றதையும் விழுங்கிவிட்டார். இரண்டாவது கேள்விக்கும் அதே கதி. ஸெர்வாஸ் பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்தது, இனி கிடங்குதான் என்று வகீஹுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது காற்று திரும்பியது. கப்பல் ஒரு முழம் விலகியது. படகின் தளத்தில் சுருண்டு கிடந்த வடம் நெளிய ஆரம்பித்தது. எழுதுவதற்கு வசதியாகக் கால் மாற்றி நின்ற ஸெர்வாஸின் இடது கால், வடத்தின் வளையத்துக்குள் இருந்தது.

“கேப்டன், யுவர் ஃபுட் இஸ் இன் த ரோப்” என்றார் வகீஹ். “ஜம்ப் டு மீ நௌ.”

குரல் உயரவில்லை. ஸெர்வாஸ் யோசிக்காமல் குதித்தார். அவர் வகீஹின் மார்பில் வந்து மோதவும், பின்னால் வளையம் சுருங்கி வடம் விறைத்து நிற்கவும் சரியாக இருந்தது. மரத்தளத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறல் விழுந்திருந்தது.

ஸெர்வாஸ் குனிந்து அந்தக் கீறலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“நீ முதல்லயே இப்படிப் பேசியிருக்கலாமே, ரயீஸ்.”

“முதல்ல ஆபத்து எதுவும் இல்லையே, கேப்டன்” என்றார் வகீஹ்.

கரை இறங்கியதும் வகீஹ் வடம் கட்டும் இரும்புக் குற்றியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் இரண்டு வாரமாகக் கிடந்த பாறாங்கல் இறங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு போன் போட்டார்.

“ஆச்சு, உம் ஹனா. நான் படகுலதான் இருக்கப்போறேன்.”

போனை மறு காதுக்கு மாற்றினார்.

“கேக்குதா?”

“கேக்குது” என்றாள் இன்ஸாஃப். “ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. அன்னைக்கு நீங்க தோத்துட்டு வந்தீங்கல்ல? மறுநாள் படிக்கட்டுல எல்லாரும் சூழ்ந்துக்கிட்டுக் கேட்டாங்க. தோத்துட்டார்னு என் வாயில வரலை. பாஸாயிட்டார்னுட்டேன். அஞ்சு மாடிக்கும் ஷர்பத் கொடுத்துட்டேன்.”

“ரெண்டு வாரம் முன்னாடியேவா?”

“ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல, வகீஹ்.”

ஹனா பிறந்த நாளுக்குப் பிறகு அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வகீஹ் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. துறைமுகமே பார்க்கட்டும் என்று கண்ணைத் துடைக்காமல் விட்டார்.

“சமையல் எல்லாம் அப்படியே கிடக்கட்டும்” என்றார். “இப்ப போய்த் தூங்கு.”