பாஸஞ்சர் வண்டியில் சுரங்கப் பாடம்

எனக்கு டைப்ரைட்டிங் உருப்படியா வரவே இல்ல. யாரு காரணம்னு கேட்டா இப்பவும் எங்க வூட்டுக்காரரைத்தான் கை காட்டுவேன்.

எண்பதுகள்ல பொம்மிடியில இருந்து சேலத்துக்கு காலைப் பாஸஞ்சர்ல டைப்ரைட்டிங் கிளாஸ் போவேன். அதே பெட்டியில ஒருத்தர் தினமும் தடிப் புஸ்தகத்தோட உக்காந்திருப்பாரு. ஆந்திராப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துல அப்ரண்டிஸாம். சர்ட்டிபிகேட் பரீட்சைக்குப் படிக்க லீவுல வந்திருக்காராம். அதுல தேறினாத்தான் வேலை நிலைக்கும். வூட்டுல ஒரே சத்தம், அதான் ரயில்ல படிக்கிறேன்னு சொன்னாரு. ஆமா, ரயில்ல சத்தமே இல்ல பாருங்க! கடலைக்காய்க்காரர் கூவுறாரு, கொழந்தை அழுவுது, ஜன்னல் தடதடங்குது. சேலத்துல அவருக்கு ஒரு ஜோலியும் கெடையாது. என் கிளாஸ் முடியிற வரைக்கும் ஸ்டேஷன்லயே டீ குடிச்சிட்டுக் கெடந்து, என் வண்டியிலயே திரும்புவாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும், வெளிய மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்குவேன்.

"பரீட்சையில வாயால கேள்வி கேப்பாங்க, நீங்க கொஞ்சம் கேளுங்களேன்"னு ஒரு நாள் புஸ்தகத்தை நீட்டினாரு. வாங்கினேன். அவ்வளவுதான், நான் டைப் அடிக்கிறதை மறந்து விஷவாயு, வெடிமருந்து, மேல்கூரைன்னு மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிட்டேன். மனுசன் ஒரே எடத்துல தவறுவாரு. கூரைப் பாறை கெட்டியா இருக்குதான்னு எப்படிப் பாப்பீங்கன்னு கேட்டா, உடனே "தடியால தட்டிப் பாப்பேன்"னுவாரு. தட்டுறப்ப எங்க நிக்கணும்ங்கறதை முழுங்கிடுவாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். "தப்பு! முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னு அதட்டுவேன். எதிர்சீட்டுக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே முதல்ல இருந்து சொல்லுவாரு.

இப்படியே போயி, அவங்கம்மா எங்க சொந்தக்காரங்க மூலமா பொண்ணு கேட்டு ஆள் விட்டாங்க. எங்கப்பா கெணறு வெட்டுற மேஸ்திரி. எங்க சித்தப்பா கெணத்துக்குள்ள பாறை சரிஞ்சுதான் செத்தாரு. "பூமிக்குள்ள எறங்குறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்"னு அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. எங்கம்மா அழுது புலம்பி, வந்து பாத்துட்டாவது போவட்டும்னு சம்மதிக்க வெச்சாங்க. ரயில் சங்கதி வூட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுது.

வந்தாங்க. அவரு புதுச் சட்டையில வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தாரு. என்னை முன்னப் பின்ன பாத்ததே இல்லாத மாதிரி தரையைப் பாத்தாரு. எனக்கு வந்த சிரிப்பை அடக்கறதுக்குள்ள உசுரே போயிடுச்சு. நான் காபித் தட்டோட நடுவூட்டுக்கு வரவும், அப்பா வாயைத் தொறக்கவும் சரியா இருந்துச்சு.

"தம்பி, தலைக்கு மேல இருக்கற பாறை விழுமா நிக்குமான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூட வந்தவங்க எல்லாம் அவரு வாயையே பாத்தாங்க.

"தடியால தட்டிப் பாப்பேனுங்க."

"தப்பு! முதல்ல இருந்து சொல்லுங்க!"

சொன்னது நான்தான். வாய் தானா சொல்லிடுச்சு. அய்யய்யோன்னு நாக்கைக் கடிச்சேன். அந்த மனுசனாவது சுதாரிச்சிருக்க வேண்டாமா? பழக்கதோசம், நிமுந்து உக்காந்து கடகடன்னு ஆரம்பிச்சிட்டாரு. "முதல்ல முட்டுக் குடுத்த கூரைக்குக் கீழதான் நிக்கணும். அங்க நின்னு எட்டித் தட்டணும். கணீர்னு கேட்டா கெட்டி. பொத்துன்னு கேட்டா பாறை பிரிஞ்சிருக்குது, ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது." சொல்லி முடிச்சிட்டு, சரியான்னு என் மூஞ்சியைப் பாத்தாரு!

அவங்கம்மா என்னைப் பாத்தாங்க, எங்கம்மா சுவத்தைப் பாத்தாங்க. செத்தேன்னு நெனச்சேன். அப்பாவுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. "முட்டுக்குக் கீழ நின்னு தட்டணும். எந்தம்பிக்கு இதைச் சொல்றதுக்கு ஆளில்லாமப் போச்சு"ன்னாரு.

அப்புறம் என் பக்கம் திரும்பினாரு.

"நின்னுக்கிட்டே இருக்கற? காபி ஆறுது, மாப்ளைக்குக் குடு."