கண்ணுக்கு ஈடாகக் கிடைத்த வேலை

கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று நான் சொன்னதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். தட்டு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளினார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

“யாரைக் கேட்டு விட்டே?”

“யாரைக் கேக்கணும்? என் வேலை, நான் விட்டேன்.”

“ஒன் வேலையா? ஏலே, அது என் கண்ணுலே.”

அவர் சொன்னது உண்மை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தபோது, விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து கலக்கும் ரூமில் நடந்த விபத்தில் அப்பாவுக்குப் பார்வை போனது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஊர்க்காரர்கள் போய்ப் பேசியபோது முதலாளி எல்லோருக்கும் முன்னால் ஒரு வார்த்தை கொடுத்தார். “அவன் வீட்டுல ஒரு ஆளுக்கு என் கம்பெனியில எப்பவும் வேலை உண்டு.” எங்கள் பக்கம் இப்படி நடப்பதுதான். விபத்தில் ஒருவர் முடங்கினால் அந்த வீட்டுக்கு ஒரு வேலை வரும். வீட்டு ஆட்கள் அதை நிலம் நீச்சு மாதிரி ஒரு சொத்தாகவே வைத்துப் பேசுவார்கள். படிப்பு முடிந்த கையோடு நான் போய் அந்தச் சொத்தில் உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, சுகமான வேலை. மருந்து வாடையே எட்டாத ஆபீஸ். லாரியில் ஏறும் லோடுக்கு பில் போட வேண்டும், அவ்வளவுதான். பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தரம். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு இருக்கும் மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் இன்னொரு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுத்தான் சிவகாசியில் அந்த வருஷத்துப் பட்டாசு வியாபாரத்தைத் தொடங்குவார்கள். வெளியூர் வியாபாரிகள் வந்து கூடுவார்கள். வருஷா வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்துவார். “இவன் அப்பனுக்குக் கண்ணு ரெண்டும் போச்சு. அப்படியே விட்டுட்டமா? புள்ளைய ஆபீஸ்ல வச்சுக் காப்பாத்துறோம்ல” என்பார். வியாபாரிகள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் சுண்டல் தட்டோடு நிற்பேன். போன ஆடியில் ஒரு வியாபாரி எழுந்து வந்து, என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்து, “பையனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல?” என்று கேட்டார். என்னிடம் இல்லை, முதலாளியிடம். எனக்கு வந்ததே ஒரு கோபம்! சுண்டல் தட்டை அந்த ஆள் கையிலேயே திணித்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போகவில்லை.

மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காடுகளை வளைத்து சோலார் தகடுகளை நட்டிருக்கிறார்கள். அங்கே ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். ஆறு மாதத்துக்கு வேலை, அதற்கு மேல் அவர்கள் மனசு வைத்தால் உண்டு என்றார்கள். ஆனால் என்ன படித்திருக்கிறாய் என்று என்னை முதன்முதலாகக் கேட்டவர்கள் அவர்கள்தான். அப்பனுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

வீட்டில் யாருக்கும் அது போதவில்லை. “நிரந்தரத்தை விட்டுட்டு வெயில்ல நிக்கப் போறானாம், வெயில்ல. இங்கன இல்லாத வெயிலாக்கும்!” என்று அம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். தங்கச்சி மட்டும்தான் என் பக்கம். விருதுநகரில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். “நீ போண்ணே. ரெண்டு நாள் கத்துவாக, பெறகு அடங்கிருவாக” என்றாள். அம்மா கத்தினாள். அப்பா கத்தவே இல்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அடங்கிவிட்டார் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

சோலாரில் முதல் நாள். கேட்டுக்குள் நுழைந்ததும் நான் பாட்டுக்குப் பையிலிருந்து போனை எடுத்தேன், பைக் சாவியை எடுத்தேன், இரண்டையும் வாட்ச்மேனிடம் நீட்டினேன். செருப்பைக் கழற்றி, இதை எங்கே விடணும் என்று கேட்டேன். பட்டாசுக் கம்பெனியில் கேட்டிலேயே தடவிப் பார்த்து, தீப்பொறி பட்டுவிடக் கூடாதென்று போன், இரும்புச் சாமான், தீப்பெட்டி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது.

“என்ன தம்பி, கோயிலுக்கா வந்திருக்கீக?” என்று வாட்ச்மேன் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டேன். போனும் சாவியும் அவர் மேசை டிராயரிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, காட்டின் அந்தக் கடைசிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது, “அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடந்துச்சு தம்பி. அவசரமோ என்னமோ” என்று டிராயரைத் திறந்தார். வீட்டு நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

“ஒங்கப்பா ஆட்டோ பிடிச்சுத் தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி கம்பெனியில விட்டுட்டு வந்துட்டாகலே. நீ விட்ட எடம் சும்மா கெடந்தா வேற எவனுக்காவது போயிரும்னு சொன்னாக. புள்ள ஒனக்குத்தான் அம்புட்டு நேரமா அடிச்சா. நீ எடுக்கல. அழுதுக்கிட்டே போனா.”

மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிக்கு வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கம்பெனியில் வேலை விடும் நேரம். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் இருந்த நாற்காலியில் அவர் மச்சினன் மகன் உட்கார்ந்திருந்தான்.

“என் தங்கச்சி எங்க?” என்று கத்தினேன்.

“எதுக்குலே கத்துறே? ஒங்க வீட்டுல ஒரு ஆளுக்கு வேலைன்னு சொன்னேன், இன்னைக்கும் அதுல மாறல. நீ வேண்டாம்னு போட்டுட்டுப் போனே. ஒங்கப்பன் இன்னொரு ஆளைக் கொண்டாந்து விட்டான். நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்?”

“ஆபீஸ் வேலைதானே எங்களுக்குக் குடுத்தது?”

“வேலைன்னுதான் சொன்னேன், ஆபீஸ்னு எப்பச் சொன்னேன்? சீசன் நேரம். ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. எங்க ஆள் வேணுமோ அங்கதான் போட முடியும்.”

அந்த ஆளை அடித்திருப்பேன். வாசல் குழாயடியில் தங்கச்சி நிற்பதைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டு அவளிடம் போனேன். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் ரூமில் போட்டிருக்கிறார்கள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர். தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “போனை எங்கண்ணே வச்சே?” என்றாள்.

“கேட்ல குடுத்துட்டேன்த்தா.”

“அங்கயுமா?” என்றாள். பிறகு ஈரக் கையைத் துடைக்காமலே என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா வாசலை ஒட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கொலுசுச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “வாத்தா. ஆபீஸ் எப்படி இருந்துச்சு?” என்றார். அவள் நேராகப் போய் அவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை அன்றைக்கே போகாது. அது என்ன வாடை என்று அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அவர் முகம் சுண்டிப் போனது. “ஆபீஸ்னுதானே நெனச்சேன்” என்றார்.

“ஆபீஸ்ல அவுக மச்சினன் மகன் இருக்கான். என்னையப் புஸ்வாணத்துல போட்டுட்டாக.”

இனிமேல் அங்கே போகாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவள் துப்பட்டா நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்குக் காட்டன் துணி உடுத்திட்டுப் போத்தா. நைலான் கியிலான் ஆகாது. ஒரசுனா பொறி வந்துரும்.”

“கண்ணு மட்டுந்தானே போச்சு ஒங்களுக்கு? புத்தியுமா போச்சு?” என்று கத்தினேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

“நீயும் கத்தாதண்ணே” என்றாள் தங்கச்சி. “ஆளுக்கு ஆள் என்னையக் கேக்காமலே முடிவு பண்ணிக்கிட்டீக. இவுக கண்ணுக்கு நீ போயி ஒக்காந்தே. நீ எந்திரிச்ச எடத்துக்கு நான் போகணுமாக்கும்? நாளைக்கு நான் காலேஜுக்குப் போறேன். கம்பெனி வேன் வந்து நின்னா, கொண்டு போயி விட்டவுகளே பதில் சொல்லட்டும்.”

மறுநாள் காலையில் சொன்னபடியே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. டிரைவர், “ஏக்கா, புள்ள கெளம்பிருச்சா? நேரமாவுது” என்று குரல் கொடுத்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன்.

“நீ ஒக்காரு” என்றார் அப்பா. வேலையை விட்ட அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசற்படியில் போய் நின்றார்.

“புள்ள வராதுப்பா.”

“இன்னைக்கு லீவா?”

“இன்னைக்கும் வராது, என்னைக்கும் வராது. எங்க வீட்டுல இருந்து இனிமே ஆள் வராது. மொதலாளிகிட்டச் சொல்லிரு.”

டிரைவர் ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். வேன் தெருமுனையைத் தாண்டிப் போகிற சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்த வெயில் வேலை எம்புட்டு நாளைக்குன்னு சொன்னே?”

“ஆறு மாசம்ப்பா.”

“அதுக்குப் பெறகு?”

“தெரியலப்பா” என்றேன்.

“கண்ணு போனப்பக்கூட கம்பெனி வேலைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்பத்தான்லே எனக்குப் பயமா இருக்கு” என்றார்.