ரொறன்ரோ ஒருநாள் பயணம்

நான் பெரியபிள்ளையானபோது, ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டில் எல்லோரும் விமானக் கணக்கில் கெட்டிக்காரர் ஆனார்கள். காரணம், சாமத்தியச் சடங்கில் முதல் தண்ணீரைத் தாய்மாமன்தான் வார்க்க வேண்டும். என் ஒரே மாமாவோ நான் பிறக்கும் முன்பே கனடா போனவர். கைத்தொலைபேசியில் தவிர அவரை நான் கண்டதில்லை. "என்ர தம்பி வராமல் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கேலாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். மாமாவும் வருகிறேன் என்றுவிட்டார்.

ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கிட்டத்தட்டப் பதினாலாயிரம் கிலோமீற்றர், நடுவில் மாறி ஏறுவதோடு ஒருநாள் பயணம் என்று அப்பா தேடிச் சொன்னார். பெரியம்மாவுக்கு ஒரே ஆதங்கம்.

"இந்தா, பக்கத்தில சீனன்குடாவில ஓடுபாதை கிடக்கு. அதில இறக்கிவிட்டா என்ன?"

அது விமானப்படையின் இடம் என்று சொல்லிச் சொல்லியே அப்பா களைத்துப்போனார். அந்தக் களைப்போ என்னவோ, ரிக்கற்றில் எங்கள் நேரத்திலேயே போட்டிருந்த இறங்கும் நேரத்தைக் கனடா நேரம் என்று நினைத்து, அதன்மேல் இன்னும் ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டார். அம்மா சந்தேகப்பட்டார்.

"நான் கணக்குப் பார்த்திட்டன். நீர் பலகாரத்தைப் பாரும்" என்றார் அப்பா.

சடங்கன்று விடியற்காலை அப்பா வாடகைக்குப் பிடித்த வானோடு கட்டுநாயக்காவில் நின்று, ஆளைக் காணவில்லை என்று அழைத்தார். இந்த முறையும் தம்பி வரவில்லை என்று அம்மா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். நல்லநேரம் முடியப்போகிறது. மாமாவுக்குப் பதிலாகத் தண்ணி வார்க்க, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனை வேட்டி கட்டச் சொன்னார்கள்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதல்நாள் பின்னேரமே வந்து இறங்கி, கூட்டிப்போக யாரும் இல்லாததால் பெட்டிகளோடு பஸ் ஏறி வந்திருந்தார் மாமா. திரையில் கண்டதைவிட மெலிந்திருந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக் கதறினார்.

என்னை முற்றத்தில் பலகையில் இருத்தினார்கள். மாமா என் தலையில் பாலும் அறுகும் வைத்தார்.

"களைச்சுப் போனியளோ மாமா?"

"இல்லைப் பிள்ளை. ஒருநாள்தானே."

"அப்ப அம்மப்பா செத்ததுக்கும் வந்திருக்கலாமே?"

முந்திய வருடம் அம்மப்பா இறந்தபோது, மகன் இருக்க மருமகனான அப்பாதான் கொள்ளி வைத்தார். ஊர் அதைக் கதைத்ததை நானும் கேட்டிருந்தேன். அம்மா என் தோளில் கிள்ளினார்.

"ஓம் பிள்ளை, வந்திருக்கலாம்" என்றார் மாமா.

அம்மப்பா இறந்த வருடமும் அவர் அங்கே அகதிதான். அத்தனை வருடமாகியும் அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, கையில் கடவுச்சீட்டும் இல்லை. தகப்பனின் முகத்தைக் கடைசியாக, வேலை செய்த சாப்பாட்டுக்கடையின் பின்வாசலில் நின்றுதான் தொலைபேசியில் பார்த்தாராம். இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்று, மாமா பிழையை ஒத்துக்கொண்டார் என்ற திருப்தியோடு தலையைக் குனிந்தேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாமா செம்பைப் பாதி சரித்தபடி, வாசல் வழியே தெரிந்த அம்மப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிருது மாமா, கெதியா ஊத்துங்கோ" என்றேன்.