மூன்று பேருக்கு ஒரு நாவல்

வயது நாற்பத்தாறு. அதில் பாதியை அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் கழித்தவள். மடிப்பாள், தைப்பாள், பசை தடவுவாள். சாப்பாட்டு வேளையில் தைத்த புத்தகத்தையே எடுத்து வைத்துப் படிப்பாள். படித்ததைப் பேசத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் கதை சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே குறட்டை வந்துவிடும்.

இந்த வருடம் ஒரு குடும்ப நாவல் அவளை உலுக்கியது. அதில் வரும் மருமகன் நல்லவனா, அயோக்கியனா? யாரிடமாவது மல்லுக்கட்டாமல் தூக்கம் வராது போலிருந்தது. மூன்று பேரைக் கூப்பிட்டாள்: பக்கத்துக் கடை டெய்லர் அக்கா, அச்சகத்து வேன் டிரைவர், அவளுடைய நாத்தனார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஒரே புக்கைப் படிச்சுட்டுப் பேசுவோம். மீட்டிங் எல்லாம் இல்ல, சும்மா அரட்டைதான்."

"எத்தனை பக்கம்?" என்றார் டிரைவர்.

"நானூத்துச் சொச்சம்."

"ஆளை விடும்மா!"

டெய்லர் அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. நாத்தனாரோ, "தலைக்கு வச்சுப் படுக்க ஆகும் அண்ணி" என்று சிரித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒல்லியான புத்தகமாகத் தேடியிருப்பார்கள். இவள் தன் பிரதியின் தையலைப் பிரித்து மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "இதுக்கு மேல சாக்கு சொன்னா நான் பேச மாட்டேன்."

மூவரும் வந்தார்கள். டீ ஆறுவதற்குள் சண்டை.

"மருமகன் தங்கமான மனுஷன்" என்றார் முதல் பங்கைப் படித்த டெய்லர் அக்கா. "ஆஸ்பத்திரியில மாமியார் பக்கத்துலயே கெடந்தானே!"

"தங்கமா? அந்த மாமியாரையே கடைசியில வீட்டை விட்டுத் துரத்துறான்க்கா!" என்றாள் நாத்தனார். அவளிடம் இருந்தது கடைசிப் பங்கு.

"தப்பெல்லாம் மாமியார் மேலதான்" என்றார் நடுப்பங்கு டிரைவர்.

"நீங்களும் ஒரு வீட்டு மருமகன்தானே, வேற எப்படிப் பேசுவீங்க?" என்றாள் நாத்தனார்.

டெய்லர் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முடிவைப் போட்டு உடைச்சாச்சு. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

இவள் பின்னாலேயே ஓடினாள். அக்கா வாசலைத் தாண்டினால் இன்னொரு ஞாயிறு கிடையாது. "தப்பு என் மேலதான்க்கா. புக்கைத்தான் பிரிக்கிறோம்னு நெனச்சேன், கதையையும் பிரிச்சுட்டேன்."

அக்கா செருப்பில் ஒரு காலை நுழைத்தார். அப்படியே நின்றார்.

"அவ்வளவு பாசமா இருந்தவன் எதுக்குத் துரத்துனான்?"

"அது என்கிட்ட இருக்கு" என்று டிரைவர் தன் பங்கைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப சொல்லுங்க!"

"சொன்னா அதுவும் உடைஞ்சு போகும். படிச்சுக்குங்க."

அக்கா நடுப்பங்கை வெடுக்கென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் கடைசிப் பங்கை எடுத்துக்கொண்டார். முதல் பங்கு நாத்தனார் கைக்குப் போனது. அவளுக்கு முடிவு முதலில், ஆரம்பம் அப்புறம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, நாத்தனார் வீட்டில் கூடுகிறார்கள்.