கட்டத்தில் இடமில்லை

பூமியில் ஜனம் பெருத்துப் போனால் என்ன ஆகும் என்று காட்ட, எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொருவராக உள்ளே நிற்கச் சொன்னார். பத்தாவது ஆளாகப் போன நான் இடிபட்டு வெளியே விழுந்தேன். "பாத்தீங்களா? கடைசியா வர்றவங்களுக்கு நிக்க நெலம் இருக்காது" என்றார். செய்யூரில் அப்போது திரும்பிய பக்கமெல்லாம் நிலம்தான். வயல், கடலைக்கொல்லை, சவுக்குத் தோப்பு. இருந்தாலும் டீச்சர் பொய் சொல்வாரா? வீட்டுக்கு ரெண்டு பிள்ளை போதும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அண்ணன், அக்கா, அப்புறம்தான் நான். அப்போ மிச்சம் நான்தான்.

அடுத்த வாரமே அவர் ஒரு காகிதக் கட்டோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். "டீச்சர் வூடு வூடா ஜனத்த எண்ணிகினு வர்றாங்க" என்று அக்கா ஓடிவந்து சொன்னாள். எண்ணிப் பார்த்து, மிச்சமானதைக் கொண்டுபோகத்தான் வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளறையில் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கினேன். தூசியில் தும்மல் முட்டியது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் டீச்சரின் குரல் கேட்டது. "மொத்தம் எத்தன புள்ள பெத்தீங்க?"

"நாலு, டீச்சர்" என்றாள் அம்மா.

"இப்ப?"

"மூணுதான் கீது. சின்னவளுக்கு முன்ன ஒரு பொண்ணு..."

அடப்பாவிகளா! எனக்கு முன்னால் ஒருத்தியை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்களா? "சின்னவ எங்க, கூப்புடுங்க" என்று டீச்சர் சொன்னதுதான் தாமதம், பாய்ந்து வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"என்னைக் குடுத்துடாதம்மா! நான் ஒரு ஓரமா நின்னுக்குறேம்மா!"

டீச்சர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என்னை வாரி எடுத்து அப்படி அழுதாள். காப்பாற்ற வழியில்லாமல்தான் அழுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பயந்து போனேன். பல நாள் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன்.

பால்குடியிலேயே செத்துப்போன அந்த அக்காவின் பேச்சை எடுக்க வீட்டில் யாரும் அம்மாவை விட்டதில்லை. அவளையும் சேர்த்து நாலு என்று அம்மா வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது தெரியாது.