பூஜ்யம்

கம்பம் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர் நல்லகண்ணு என்னதான் வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நின்றிருக்கிறது. இதைப் பார்க்க ஒரு நாற்காலி, மாதச் சம்பளம். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குப் 'பூஜ்யம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அவர்களை மனுசராக மதித்ததில்லை.

2003இல் மதுரையிலிருந்து உதவிப் பொறியாளர் விஜய்ராஜ் வந்து சேர்ந்தார். கல்யாணமாகிப் பத்து நாள். விரலில் மருதாணி, வாயில் கல்லூரி.

அந்த வாரமே ஒரு மத்தியானம், 110 கே.வி. லைனில் கம்பியைக் கவ்வும் ஒரு கிளாம்பு சூட்டில் பழுத்துப் புகைந்தது. லைனை நிறுத்தினால்தான் கை வைக்க முடியும். லைனை நிறுத்துகிற பிரேக்கரோ, உள்ளிருந்த கேஸ் கசிந்து, திறக்க மாட்டேன் என்று பூட்டிக்கொண்டது.

"யோவ் பூஜ்யம், பிரேக்கர் விழலேன்னா ஐசொலேட்டர இழுய்யா!"

"இழுத்தா நெருப்பும் கூடவே வரும் சார்."

"எனக்கே பாடமா?"

"ஒங்களுக்கு எடுக்க நான் யாரு? கம்பியப் பிரிச்சா கரண்டு நிக்காது, தாவும். செகண்டுக்கு நூறு தடவ பூஜ்யத்துக்கு வந்து போகும்ல, அந்த நேரம் பாத்து கேஸ் ஊதி அணைக்கும். அதுக்குத்தான் பிரேக்கரு. ஐசொலேட்டர் கையால பிரிக்கிற சுவிச்சு, அதுல ஊத என்ன இருக்கு, வெறுங்காத்து. லைன் வர்ற தேனிக்குப் போன் போட்டாச்சு. அங்கன நிறுத்துவாக, பொறுங்க."

"அதுக்குள்ள கம்பி அறுந்து விழுந்தா? சாவியக் கொடு, நானே இழுக்கிறேன். இல்ல, நீ சஸ்பெண்டு!"

ஐசொலேட்டர் கைப்பிடியின் பூட்டுச் சாவிக்காக நீண்ட கையை நல்லகண்ணு பார்த்தார். மருதாணி இன்னும் வெளுக்கவில்லை. மூளைதான் அரைவேக்காடு, கை என்ன பாவம் செய்தது?

டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்ச் சோற்றுக்குள் சாவியை அமுக்கினார். மேலாக்க ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரம் சார்."

எச்சில் சோற்றில் கை விடுகிற ஆளா விஜய்ராஜ்? மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு மெமோ எழுத உட்கார்ந்தார். அதிலும் இரண்டு பிழை.

இருபது நிமிடத்தில் தேனியில் நிறுத்தினார்கள். வோல்ட் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்தது. நல்லகண்ணு சாவியைத் துழாவி எடுத்து, நக்கித் துடைத்து, வெளியே கம்பிகள் நிற்கிற யார்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினார். ஒரு பொறி இல்லை. பக்கத்தில் நின்ற விஜய்ராஜ் கைகளைப் பையில் விட்டுக்கொண்டார்.

மெமோவை மட்டும் கிழிக்கவில்லை. சாவி தர மறுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தது. நல்லகண்ணு ஒரே வரி எழுதினார்: 'சாவி தயிர்ச் சோற்றில் தவறி விழுந்துவிட்டது.'

மருதாணியைப் பற்றி மூச்சு விடவில்லை.