சுவருக்கு எவ்வளவு இடைவெளி

என் அண்ணன் எதையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர். முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்க்காமல் எடுக்க மாட்டார். கோவில்பட்டி இரும்புக் கடையில் பர்லின் எடுக்கப் போனபோதும் அப்படித்தான். கூரைத் தகரத்தையும் சுவர்த் தகரத்தையும் பிடித்து நிறுத்துகிற இரும்புச் சட்டம் அது. ஒவ்வொன்றையும் தட்டினார், தூக்கிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஷெட்டையும் இதே மனுஷன்தான் பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

அது எட்டயபுரம் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே, தீப்பெட்டி அடைக்கிற ஷெட். பக்கத்து ஷெட்டில் யாரோ தகரத்தை வெட்டி மோட்டாரைக் களவாடியதிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சுவர் முழுக்கச் சாணுக்கு ஒரு பர்லின் வைத்து அடைத்துவிட்டார். தகரத்தை வெட்டினாலும் எந்தத் திருடனாலும் நுழைய முடியாது. ஊரே மெச்சியது.

போன சித்திரையில், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வாசல் பக்கம் தீப்பிடித்தது. உள்ளே அண்ணன் மகள் மட்டும் இருந்தாள். காலேஜ் லீவுக்கு வந்தவள், அப்பாவுக்கு ஒத்தாசையாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்சுவரைத் தட்டிக் கத்தினாள். நானும் அண்ணனும் வெளியே நின்று தகரத்தைப் பிய்த்துவிட்டோம். பர்லினை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் கை மட்டும் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.

இப்போது புது ஷெட்.

"கூரைக்குக் கனமாப் போடுங்க அண்ணாச்சி, ஆடிக் காத்து சும்மா விடாது. சுவருக்கு எவ்வளவு இடைவெளி?" என்றார் கடைக்காரர்.

அண்ணன் சொன்னார்: "வாசல் ரெண்டா வைக்கேன். சுவரு பழையபடியே இருக்கட்டும். களவு கூடிப்போச்சுல்லா."

பட்ட பிறகும் புத்தி வராதா என்று எனக்கு ஆத்திரம். ஆனால் அதுவரை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்த மதினி இறங்கி வந்தார். மகள் போனதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சுமை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு சாண் விட்டு இரண்டு பர்லினை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிடிக்கச் சொன்னார். தலையை நுழைத்தார். தோள் இடித்தது.

"மேல உள்ளத இன்னும் ஒரு சாண் தூக்குங்க."

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ" என்றார் அண்ணன்.

மதினி சேலையைச் செருகிக்கொண்டு, குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் போய் நின்றார். தோளெல்லாம் எண்ணெய்க் கறை. அண்ணனைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு நானே வந்துட்டேன். எம்புள்ள வந்திருக்க மாட்டாளா?"